பரணில் ஒரு கம்ப்யூட்டர்!

பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறீர்கள். பரணில் இருந்து பழைய டி.வி. கேம் பெட்டி ஒன்று கிடைக்கிறது. என்ன செய்வீர்கள்? பழைய சாமான் வாங்க வருகிறவரிடம் போட்டுவிட்டு, கொடுத்த காசுக்கு டீ குடிப்பீர்கள். அரக்கோணத்தில் எங்கள் வீட்டிலும் அதுதான் நடக்க இருந்தது. ஒரு நிமிஷம் பொறுங்க பாஸ்... அது விளையாட்டுப் பெட்டி மட்டும் இல்லை, முழு கம்ப்யூட்டர்!

எங்கள் பெட்டி சித்தப்பாவுடையது. ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை வேலையில் இருந்தபோது, 1997 தீபாவளி போனஸில் வாங்கியது. "கம்ப்யூட்டர் மாதிரின்னு கடைக்காரர் சொன்னாருடா. கிளாஸுக்குக் கட்ட காசு இல்ல. இதுலயே கத்துக்கலாம்னு நெனச்சேன். வந்து போட்டா காண்ட்ராவும் மாரியோவும்தான் ஓடுது" என்று இப்போதும் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் இருக்கும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறார் என்பது எனக்குப் போன வருஷம்தான் தெரிந்தது.

தொண்ணூறுகளில் மீடியா, லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என்று விதவிதமான பெயர்களில் நம் ஊரில் விற்ற பெட்டிகளுக்கெல்லாம் மூலம் ஒன்றுதான். 1983 ஜூலையில் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட 'ஃபேமிலி கம்ப்யூட்டர்', சுருக்கமாக ஃபேமிகாம். வடிவமைத்தவர் மசாயுகி உயெமுரா. பெயரிலேயே கம்ப்யூட்டர் இருக்கிறது, கவனித்தீர்களா? அடுத்த வருஷம், 1984-ல், அதற்கு 'ஃபேமிலி பேசிக்' என்று ஒரு கேசட்டும் 72 பட்டன் கீபோர்டும் வந்தன. நின்டெண்டோ, ஷார்ப், ஹட்சன் மூன்று கம்பெனிகளும் சேர்ந்து செய்தது. டி.வி. முன்னால் உட்கார்ந்து பேசிக் மொழியில் புரோகிராம் எழுதலாம். மாரியோவையே நாம் சொல்கிற பக்கம் நடக்க வைக்கலாம். கீபோர்டில் ஆங்கிலத்தோடு ஜப்பானிய கட்டகானா எழுத்தும் இருந்தது. ஜப்பானை விட்டு வெளியே அது விற்பனைக்கே வரவில்லை.

என் பெரியம்மா பையன் ஜப்பானில் வேலை செய்கிறான். செகண்ட் ஹேண்ட் கடையில் கீபோர்டும் கேசட்டும் கிடைத்ததாக போட்டோ அனுப்பினான். "வாங்கிட்டு வாடா"ன்னு கெஞ்சினேன். வந்தது!

இங்கேதான் ஒரு ஜோக். 1985-ல் அமெரிக்காவுக்குப் போன நின்டெண்டோ மெஷினில் கேசட் சொருகும் இடம் 72 பின். போதாததற்கு, உள்ளே ஒரு பூட்டு சிப் வேறு. ஜப்பான் கேசட் அதில் நேரடியாகப் போகாது. நம் பெட்டிகளோ ஜப்பான் மெஷினைப் பார்த்துச் செய்த நகல். அதே 60 பின், பூட்டும் கிடையாது. ஃபேமிலி பேசிக் கேசட் கச்சிதமாக உட்கார்ந்தது. அரசு கொடுத்த இலவச கலர் டி.வி.யில் புரியாத எழுத்துகள் வந்து நின்றன. நின்றன, அவ்வளவுதான். கீபோர்டைச் சொருக ஓட்டையே இல்லை.

பெட்டியைத் திறந்தோம். நல்ல வேளை, உள்ளே 40 கால் சிப் இரண்டு. யுஏ6527பி சிபியு, படத்துக்கு யுஏ6538. தைவானின் யுஎம்சி கம்பெனி தயாரிப்பு. பின்னாடி வந்த மலிவுப் பெட்டிகளில் கறுப்பாக ஒரு தார் உருண்டைதான் இருக்கும், அதில் ஒயர் வைக்க முடியாது. கீபோர்டிடம் 'அடுத்த வரிசையைக் காட்டு' என்று சொல்ல சிபியுவின் 37, 38-வது கால்களில் இருந்து கம்பி இழுக்க வேண்டும். பட்டன் அமுக்கியதைப் படிக்க நாலு கம்பி, நடுவில் 74எச்சி368 என்று ஒரு ஐ.சி. காலை லோக்கலைப் பிடித்து சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தே போய் ஐ.சி.யும் 15 பின் சாக்கெட்டும் வாங்கி வந்தேன். மைக்ரோபிராசஸர் லேபில் 8085 கிட்டில் ஹெக்ஸ் நம்பரைக் கடனே என்று தட்டியபோது புரியாத 'போர்ட்' என்ற வார்த்தை, சால்டரிங் அயர்ன் சுட்ட அன்றைக்குப் புரிந்தது.

முதல் தடவை நாலு கம்பியில் இரண்டை மாற்றி ஒட்டிவிட்டேன். ஒரு பட்டனைத் தட்டினால் வேறு எழுத்து வந்தது. ராத்திரி பதினொன்றரைக்குச் சரிசெய்து, சித்தப்பாவை எழுப்பினேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தேடித் தேடி, 'பிரிண்ட்' போட்டு ஆங்கிலத்தில் அவர் பெயர். அடுத்த வரியில் 'கோடூ 10'. 'ரன்' கொடுத்ததும் திரை முழுக்க அவர் பெயர் ஓடியது. 1997-ல் கடைக்காரர் சொன்னது அன்றைக்குத்தான் நடந்தது. ஆள் ஒன்றும் பேசவில்லை. இன்னொரு தடவை 'ரன்' கொடுத்தார்.

நகல் பெட்டி என்று ஏளனம் வேண்டாம். அதில் ஒரு சூப்பர் மூளை வேலை இருக்கிறது. ஜப்பான் டி.வி. விநாடிக்கு 60 தடவை படம் வரையும், நம்முடையது 50. நின்டெண்டோ ஐரோப்பாவுக்குச் செய்த மெஷினில் சிபியு வேகம் 1.66 மெகாஹெர்ட்ஸாகக் குறைந்துவிட்டது. நகல் செய்தவர்களோ 1.77-ல் நிறுத்தினார்கள். ஜப்பான் ஒரிஜினலே 1.79-தான். மீதி நேரத்தைப் படம் முடிந்த பிறகு வெற்று வரிகளாகத் தள்ளிவிட்டார்கள். அதனால் ஜப்பான் கேசட்டுகள் குழம்பாமல் ஓடுகின்றன. மாரியோ மட்டும் ஆறில் ஒரு பங்கு மெதுவாக நடப்பார். சின்ன வயசில் இதில் ஆடியவர்களுக்கு அதுதான் மாரியோவின் இயல்பான நடை!

புரோகிராம் எழுத 2 கேபி-க்கும் கொஞ்சம் குறைவான இடம்தான். இந்தக் கட்டுரையின் முதல் இரண்டு பாராவே அதில் அடங்காது. கேசட்டில் பேட்டரி போட்டால் எழுதியது அழியாமல் இருக்கும், டேப் ரெக்கார்டரிலும் பதிந்து வைக்கலாம்.

இந்தப் பெட்டிகளைப் படிக்கப் பயன்படுத்தலாமே என்று யோசித்தவர்களும் உண்டு. இந்தியாவில் 12 டாலருக்குக் கீபோர்டோடு விற்ற இதே வகைப் பெட்டியை வைத்து, 2008-ல் டெரக் லோமாஸும் நண்பர்களும் 'பிளேபவர்' என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் கேம்கள் செய்வது திட்டம்.

நீங்களும் திறந்து பார்க்கப் போகிறீர்களா? பெட்டியைத் திறங்கள், பழைய டியூப் டி.வி.யை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஹை வோல்டேஜ் தங்கியிருக்கும். அடாப்டரில் பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் சொருகுங்கள்.

சரி, சித்தப்பாவுக்கு வருவோம். மறுநாள் காலை காபியோடு வந்து கேட்டார். "ஏன்டா, ஜப்பான்காரன் அவன் எழுத்தைப் போட்டு வெச்சிருக்கான். இதுல தமிழ் வராதா?"

மாட்டினேன்! ஃபேமிலி பேசிக்கில் வராது, அதன் எழுத்துகள் சிப்பிலேயே அச்சடித்தவை. தமிழ் வேண்டுமென்றால் சொந்தமாக ஒரு கேசட் செய்ய வேண்டும். மெஷின் எழுத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாக வைத்திருக்கும், ஒரு நேரத்தில் பின்னணிக்கு 256 கட்டம்தான். கட்டகானாவுக்குத் தாராளம். நமக்கு? உயிர் 12, ஆய்தம் 1, 'க' வரிசை 18, 'கு' 18, 'கூ' 18, அப்புறம் புள்ளி, கால், கொம்பு என்று 7. மொத்தம் 74. ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டம் கொடுத்தால் 296. போச்சு! அகலத்துக்கு இரண்டு கட்டம் மட்டும் கொடுத்தால் 148. ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் இடம் மிச்சம். ஆனால், எழுத்தின் உயரம் எட்டே புள்ளி. வரிக்கு 14 எழுத்து.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஏற்ற 'டேப்' குறியீட்டிலும், ஆங்கிலத்தோடு சேர்த்துத் தமிழை 256 இடத்துக்குள்தான் அடக்கினார்கள். ஆக, முடியாத காரியம் இல்லை.

இப்போது என் கிராஃப் நோட்டில் 'க'வும் 'ட'வும் 'ப'வும் ரெடி. 'ர' சுமார். சித்தப்பா பெயரில் ஒரு 'ண' வருகிறது. அதைத்தான் ஒன்பதாவது தடவையாக அழித்துக்கொண்டிருக்கிறேன். எட்டுப் புள்ளி உயரத்தில் மூணு சுழி உங்களுக்கு வந்தால், எனக்கும் ஒன்று வரைந்து கொடுங்கள் பாஸ்!