காரைக்குடியில் வேரூன்றிய வேதிப்பொறியியல்

திருமயத்திலிருந்து தெற்கே காரைக்குடிக்குச் செல்வோர் செட்டிநாட்டு மாளிகைகளையே தேடினாலும், வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமே அவ்வூரின் பெருஞ்சொத்து எனலாம். மின்வேதியியல் என்பது மின்சாரத்தால் வேதிவினையையும், வேதிவினையால் மின்சாரத்தையும் உண்டாக்கும் துறை. உப்புக்கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் நேர்மின்வாயில் குளோரினும் எதிர்மின்வாயில் ஹைட்ரஜனும் குமிழிட, கரைசலில் எரிசோடா தங்குகிறது. ஆய்வகத்தில் எளிதாக நிகழும் இதனை, அவ்விரு வாயுக்களும் கலந்து வெடிக்காமலும் மின்செலவு மீறாமலும் டன் கணக்கில் நடத்த வழி வகுப்பதே வேதிப்பொறியாளரின் வேலை. ஆய்வுக்கென்றே எழுந்த இவ்வளாகத்தில் 1988இல் வேதி மற்றும் மின்வேதிப் பொறியியல் பட்டப்படிப்பும் தொடங்கப்பட்டதால், உலோக அரிப்பையும் மின்கலத்தையும் அன்றாடம் ஆராய்பவர்களிடமே மாணவர்கள் பாடம் கேட்கும் அரிய வாய்ப்பு உண்டாயிற்று.