தட்டை வீசிய பிள்ளை

நிபோங் திபால் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்கு அண்மையில் போயிருந்தோம். சாயங்கால நேரம். உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு வந்த ஒரு தாய் வாசற்படியில் உட்கார்ந்து நம்மோடு பேசிக்கொண்டிருந்தார். உள்ளே டமாலென்று ஒரு சத்தம்.

"ஒண்ணுமில்லைங்க ஐயா, தட்டைத் தூக்கிப் போட்டுட்டான். முன்னே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. இப்ப எப்பவாச்சும்தான்" என்றார்.

மகனுக்கு ஏழு வயது. ஆட்டிசம். பத்திரிகைத் தமிழில் மதியிறுக்கம் என்பார்கள். தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்லி நாம் கேட்டதில்லை. ஒன்றரை வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. பாட்டி, "அவங்கப்பனும் அஞ்சு வயசுலதான் பேசினான்" என்று சொல்லிவிட்டார். கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். கடைசியில் அரசாங்கக் கிளினிக்கில் மிஸ்ஸிதான் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சில கேள்விகள் கேட்டு டாக்டரிடம் அனுப்பினார். தாய்மார்களே, அந்தப் புத்தகத்தில் 18 மாதத்திலும் 3 வயதிலும் இதற்கென்றே கேள்விகள் உண்டு. வெறும் தடுப்பூசிக் கணக்கு என்று நினைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள்.

தடுப்பூசியால்தான் ஆட்டிசம் வருகிறது என்ற பேச்சும் தோட்டங்களில் உலவுகிறது. 1998இல் இங்கிலாந்து மருத்துவ ஏடு ஒன்றில் வந்த கட்டுரை கிளப்பிவிட்ட புரளி அது. 2010இல் அந்த ஏடே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

"நீ காட்டுலேயே கெடந்தே, புள்ளையைக் கொஞ்சலே, அதான் இப்படின்னு என் நாத்தனாரே சொன்னாங்கய்யா." இதைச் சொல்லும்போது அந்தத் தாயின் குரல் உடைந்தது. நாம் அவருக்கு ஒரு சேதி சொன்னோம். படித்த பெரிய மனிதர்களே ஒரு காலத்தில் இப்படித்தான் பேசினார்கள். 1943இல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற டாக்டர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதி இந்த நிலைக்குப் பெயர் கொடுத்தார். அதன்பிறகு, பாசமில்லாத தாயால்தான் இது வருகிறது என்ற பேச்சு அங்கே பரவியது. 1964இல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்பவர் ஒரு புத்தகம் எழுதி அதை மறுத்தார். அவரும் ஓர் ஆட்டிசப் பிள்ளைக்குத் தகப்பன்தான். நாத்தனார் இன்னும் அறுபது வருடம் பின்னால் நிற்கிறார், அவ்வளவுதான்.

சிகிச்சைக் கதைக்கு வருவோம். முதலில் ஒரு தனியார் இடத்தில் சேர்த்தார்கள். காலையில் பட்டர்வொர்த் போய், பெர்ரி ஏறி, ஜார்ஜ் டவுனில் இறங்கி, அங்கிருந்து பஸ். மாதக் கட்டணம் புருஷன் சம்பளத்தில் பாதியைத் தின்றது. அங்கே பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்து, சொன்னதைச் செய்தால் ஒரு மிட்டாய். கையைப் படபடவென்று ஆட்டினால் கைமேல் ஒரு தட்டு. "ரெண்டு மாசத்துல கை ஆட்டுறதை நிறுத்திட்டான். ஆனா தன் கையையே கடிக்க ஆரம்பிச்சிட்டான்" என்றார். நிறுத்திவிட்டார்கள்.

இந்த முறைக்கு நடத்தைப் பயிற்சி என்று பெயர். அமெரிக்காவில் லோவாஸ் என்பவர் 1987இல் வெளியிட்ட ஆய்வில் 19 பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரம், இரண்டு வருடத்துக்கும் மேல் பயிற்சி கொடுத்து, அவர்களில் 9 பேர் மற்றப் பிள்ளைகளைப்போல் பள்ளிக்கூடம் போனதாகச் சொன்னார். உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அவர் ஆரம்பத்தில் அடியும் மின்அதிர்ச்சியும்கூடக் கொடுத்தவர் என்பதைப் பலரும் சொல்வதில்லை. ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களானவர்களில் பலர், "எங்களை மற்றவர் மாதிரி நடிக்கப் பழக்கினார்கள்" என்று இன்று வருத்தப்படுகிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே நமக்குப் படுகிறது.

அப்படியென்றால் எல்லாப் பயிற்சியும் வீணா? இல்லை. அந்தத் தாய் பிறகு சமூக மறுவாழ்வு மையத்தில், பிடிகே என்கிறோமே, அங்கே சேர்த்தார். 1984இல் திரெங்கானுவில் தொடங்கிய திட்டம் இது. பெற்றோரும் கூடவே உட்கார வேண்டும். அங்கிருந்த ஆசிரியை ஒரு பள்ளிக்கூட நோட்டில் மூன்று கோடு போட்டுக் கொடுத்தாராம். தட்டை வீசும் முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், பிறகு நாம் என்ன செய்தோம். இரண்டு வாரம் எழுதியதும் குட்டு வெளிப்பட்டது. சோற்றில் குழம்பு கலந்த அன்றெல்லாம் தட்டு பறக்கிறது. பறந்ததும் பாட்டி பதறிப்போய் பிஸ்கட் கொடுக்கிறார். பிள்ளை முட்டாள் இல்லை. தட்டை வீசினால் பிஸ்கட் வரும் என்று கற்றுக்கொண்டான். வாயில் பேச்சு இல்லாதவனுக்கு அதுதான் பேச்சு.

ஆகவே குழம்பைத் தனியாக வைத்தார்கள். பிஸ்கட் டின் படம் ஒட்டிய அட்டை ஒன்று, வேண்டாம் என்பதற்கு ஒன்று. அட்டையை நீட்டினால் உடனே கொடுப்பது, வீசினால் கிடையாது. 1985இலேயே கார், டுராண்ட் என்ற இருவர் எழுதிக் காட்டிய வழி இது: கெட்ட பழக்கத்தை அடக்குவதற்குப் பதில், அதே காரியத்தை நடத்திக்கொள்ள நல்ல வழி ஒன்றைக் கற்றுக்கொடுப்பது.

முதல் பத்து நாள் நரகம் என்றார். முன்னைவிட அதிகமாக வீசினான். வழக்கமான தந்திரம் பலிக்காதபோது பிள்ளை இன்னும் பலமாக முயல்வான். அந்த நேரத்தில் மனமிளகிக் கொடுத்துவிட்டால், பலமாக வீசினால்தான் கிடைக்கும் என்று படித்துக்கொள்வான். இது தெரியாமல் பல பெற்றோர் அங்கேதான் கைவிடுகிறார்கள். இந்த வீட்டிலும் தகப்பனார், "புள்ளை அழுவுது, நீ நோட்டு எழுதிக்கிட்டு இருக்கியே" என்று சண்டைக்கு வந்தாராம். நாம் அவரைப் பார்த்தோம். சிரித்துக்கொண்டே, "நெசந்தாங்க" என்றார்.

கை ஆட்டுவது? "அதை விட்டுட்டோம் ஐயா. சந்தோஷம் வந்தா ஆட்டுறான். யாருக்கு என்ன நட்டம்?"

இன்னொரு விஷயமும் கேட்டோம். வீட்டில் தமிழ் பேசாதீர்கள், ஒரே மொழிதான் வேண்டும் என்று முன்னே யாரோ சொல்லி, தாய் ஆறு மாதம் தெரியாத ஆங்கிலத்தில் திணறியிருக்கிறார். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசப் பிள்ளையின் பேச்சு பின்தங்குவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. தாய்க்கு வரும் மொழியில் தாய் கொஞ்சட்டும்.

பெற்றோருக்கே பயிற்சி கொடுப்பதற்கு உலகச் சுகாதார நிறுவனமும் ஒரு திட்டம் வைத்திருக்கிறது: ஒன்பது கூட்டம், மூன்று தடவை வீட்டுக்கு வருகை. குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது போன்ற அன்றாட வேலையிலேயே கற்றுக்கொடுப்பது. பினாங்கில் நாசோம் சங்கத்தின் மையமும் உண்டு. 1980களின் பிற்பகுதியில் பெற்றோரும் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது. சமூகநல இலாகாவில் ஓகேயூ கார்டு பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். சிறப்புக் கல்வி வகுப்புக்கும் உதவிப் பணத்துக்கும் கேட்பார்கள். வெட்கம் என்று பதியாத குடும்பங்கள் இந்த ஒரு தோட்டத்திலேயே இரண்டு இருப்பதாகச் சொன்னார்கள்.

நாம் கிளம்பும்போது பிள்ளை வெளியே வந்தான். நம் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் ஓர் அட்டையைத் திணித்தான். மோட்டார் சைக்கிள் படம். "உங்க மோட்டாரைப் பார்த்துட்டான் ஐயா" என்றார் தகப்பனார். முன்னால் உட்கார வைத்து வரிசை வீடுகளை ஒரு சுற்றுச் சுற்றினோம். இறக்கிவிட்டதும் அதே அட்டையை மறுபடியும் நீட்டினான்.