ஒரே சாவி, நூறு கதவுகள்

2021-ஆம் ஆண்டு ஜெர்மனியில், பெர்லின் மாநிலம் நடத்தும் ஹைடரிங் சிறையில் பயிற்சிக்கு வந்த ஒருவர், தான் எப்பேர்ப்பட்ட இடத்தில் வேலை பார்க்கிறேன் என்று நண்பர்களுக்குக் காட்ட ஒரு சாவியைப் படம்பிடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பினார். அது அந்தச் சிறையின் மாஸ்டர் சாவி. சாவி தொலையவில்லை, திருடுபோகவில்லை, கையை விட்டே போகவில்லை. ஆனாலும் சுமார் 600 பூட்டுகளை மாற்ற வேண்டியதாயிற்று. செலவு ஏறக்குறைய 50,000 யூரோ என்று செய்திகள் கூறின. ஒரு புகைப்படத்துக்கு இத்தனை பதற்றமா என்று தோன்றலாம். பூட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டால், பதறாமல் இருந்திருந்தால்தான் தப்பு என்பது விளங்கும்.

அலுவலகக் கதவுகளில் இன்று பெரும்பாலும் இருப்பது சிலிண்டர் பூட்டு. 1860-களில் அமெரிக்கரான லைனஸ் யேல் ஜூனியர் இதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தார். சிலிண்டரின் நடுவே சுழலும் ஒரு பித்தளை உருளை. அதைச் சுற்றி அசையாத ஓர் உறை. உறையிலிருந்து உருளைக்குள் ஐந்தோ ஆறோ சிறு துளைகள் வரிசையாக இறங்குகின்றன. ஒவ்வொரு துளையிலும் கீழே ஒரு பின், மேலே ஒரு பின், அதற்கும் மேலே ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது ஸ்பிரிங் அழுத்த, மேல் பின் பாதி உறையிலும் பாதி உருளையிலுமாக நின்று உருளையைச் சுழலவிடாமல் தடுக்கிறது. சரியான சாவியை நுழைத்தால், அதன் வெட்டுகள் ஒவ்வொரு கீழ்ப் பின்னையும் சரியான உயரத்துக்குத் தூக்குகின்றன. மேல் பின்னும் கீழ்ப் பின்னும் பிரியும் இடம் உருளையின் விளிம்போடு ஒட்டி நிற்கிறது. இதைப் பிரிகோடு என்று வைத்துக்கொள்வோம். ஆறு துளைகளிலும் பிளவு பிரிகோட்டில் வந்து நின்றால் உருளை சுழலும். ஒன்றில் தவறினாலும் சுழலாது.

சாவி என்பது இங்கே ஓர் எண் மட்டுமே. ஆறு இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் வெட்டின் ஆழம். அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் ஷ்லேஜ் பூட்டுகளில் ஆழங்கள் 0 முதல் 9 வரை. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 0.38 மி.மீ. இடைவெளி. 472583 என்ற ஆறு இலக்கம் தெரிந்தால் போதும், அந்தச் சாவியைக் கண்ணால் பார்க்காமலேயே வெட்டிவிடலாம். ஜெர்மன் சிறையிலிருந்து வெளியே போனது இப்படியோர் எண்தான். தெளிவான புகைப்படத்திலிருந்து வெட்டுகளின் ஆழத்தை அளந்துவிட முடியும். அமெரிக்க விமான நிலையச் சோதனையாளர்கள் பயணப் பெட்டிகளைத் திறக்க வைத்திருக்கும் மாஸ்டர் சாவிகளின் படம் 2014-ல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் வெளியானது. மறு ஆண்டே அவற்றை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அச்சிட்டு எடுப்பதற்கான கோப்புகள் இணையத்தில் உலவின.

இப்போது மாஸ்டர் சாவிக்கு வருவோம். கீழ்ப் பின்னுக்கும் மேல் பின்னுக்கும் நடுவே ஒரு மெல்லிய உலோகச் சில்லைச் செருகிவிட்டால், அந்தத் துளையில் ஒன்றுக்குப் பதில் இரண்டு பிளவுகள் கிடைக்கும்: சில்லுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. அறைக்காரரின் சாவி ஒரு பிளவைப் பிரிகோட்டுக்குக் கொண்டுவருகிறது, மாஸ்டர் சாவி இன்னொன்றைக் கொண்டுவருகிறது. தந்திரம் இவ்வளவுதான். மாஸ்டர் சாவிக்கென்று தனிச் சக்தி எதுவும் கிடையாது. அதற்காக விட்டுக்கொடுப்பது பூட்டுதான்.

அந்த விட்டுக்கொடுத்தலுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆறு துளைகளிலும் சில்லு போட்டால் ஒவ்வொன்றிலும் இரண்டு வழி. மொத்தம் 64 வெவ்வேறு சாவிகள் அந்தப் பூட்டைத் திறக்கும். நாம் வெட்டியது இரண்டு. மீதி 62 யாரும் வெட்டாத சாவிகள். அதே கட்டடத்தில் இன்னொருவருக்குக் கொடுத்த சாவி அந்த 62-ல் ஒன்றாக அமைந்துவிட்டால், அவர் தன் அறை என்று நினைத்து உங்கள் அறையைத் திறந்து உள்ளே வந்து நிற்பார். திட்டமில்லாமல் இஷ்டத்துக்குச் சில்லு போட்ட கட்டடங்களில் இது நடக்கும்.

இதைத் தவிர்க்கும் விதி எளிமையானது, அழகானதும்கூட. மாஸ்டர் சாவியின் எண்ணை முதலில் தேர்ந்தெடுங்கள். பிறகு எந்த அறைச் சாவியும் எந்த இடத்திலும் மாஸ்டரின் ஆழத்தைத் தொடக்கூடாது. அப்படிச் செய்தால் இரண்டு அறைச் சாவிகள் ஒன்றின் பூட்டை மற்றது திறப்பதற்கு வழியே இல்லை. இன்னொரு விதியும் உண்டு. சில்லு ஒரே படி உயரத்துக்கு இருந்தால் மிக மெல்லியதாகிவிடும்; துளைக்குள் சாய்ந்து சிக்கி, பூட்டைத் திறக்க முடியாமல் செய்துவிடும். அதனால் பல அமைப்புகளில் இரண்டிரண்டு படியாகத்தான் தாவுவார்கள். மாஸ்டரின் இலக்கம் 2 என்றால் அறைகளுக்கு 0, 4, 6, 8. ஓரிடத்துக்கு நான்கு வாய்ப்பு, ஆறு இடங்களுக்கு 4096 சாவிகள். காகிதத்தில் அவ்வளவு. பக்கத்துப் பக்கத்து வெட்டுகளின் ஆழ வித்தியாசம் அளவு மீறினால் ஒரு வெட்டின் சரிவு அடுத்த வெட்டைத் தின்றுவிடும் என்பதால், அப்படிப்பட்ட எண்களைக் கழித்துவிட வேண்டும். கைக்கு வருவது குறைவாகவே இருக்கும்.

ஓர் ஐந்து மாடி அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் திறக்கும் மாஸ்டரான தலைமைச் சாவி 254361. முதல் மூன்று இலக்கத்தை மாடிக்கும், கடைசி மூன்றை அறைக்கும் ஒதுக்குகிறோம். இரண்டாம் மாடிக்கு 472. அங்கே ஓர் அறைக்கு 583. அந்த அறைச் சாவி 472583. இரண்டாம் மாடி மேற்பார்வையாளருக்கு மாடியின் எண்ணும் தலைமையின் வாலும் சேர்ந்த சாவி, 472361. அது இரண்டாம் மாடியின் எல்லா அறைகளையும் திறக்கும், மூன்றாம் மாடியில் ஒன்றையும் திறக்காது.

இதே எண்களைத் திருப்பிப் போட்டால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. எல்லா மாடிகளிலும் மின் அறைக்கு 749 என்று ஒரே வாலைக் கொடுங்கள். இரண்டாம் மாடி மின் அறை 472749, மூன்றாம் மாடிக்கு 638 என்று வைத்தால் அங்கே 638749. இப்போது எலக்ட்ரீஷியனுக்கு 254749 என்று ஒரு சாவி வெட்டினால், ஐந்து மாடி மின் அறைகளும் திறக்கும். மேனேஜர் அறை, கணக்கர் அறை எதுவும் திறக்காது. மாடி மேற்பார்வையாளரின் அதிகாரம் கிடைமட்டம், எலக்ட்ரீஷியனின் அதிகாரம் செங்குத்து. இரண்டும் ஒரே ஆறு இலக்கத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

தலைமைச் சாவிக்கு எண் தேர்வதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அரம் வைத்துத் தேய்த்தால் சாவியின் வெட்டை ஆழப்படுத்தலாம். தேய்த்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. மாஸ்டரின் வெட்டுகள் எல்லாமே ஓர் அறைச் சாவியுடையதைவிட ஆழமாக இருந்தால், அந்த அறைச் சாவியைத் தேய்த்தே மாஸ்டர் ஆக்கிவிடலாம். மேலே 254361-க்கு எதிரே 472583-ஐ வைத்துப் பாருங்கள்: முதல் இடத்தில் அறைச் சாவி 4, தலைமைச் சாவி 2. அறைச் சாவி ஏற்கெனவே ஆழம் கூடியது. எவ்வளவு தேய்த்தாலும் 2 வராது.

தேய்ப்பதற்கு வழியில்லாவிட்டாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2003-ல் மாட் பிளேஸ் என்ற அமெரிக்கக் கணிப்பொறிப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். மாஸ்டர் சாவி அமைப்பிலுள்ள ஓர் அறைச் சாவியும், அது திறக்கும் பூட்டும், சில வெற்றுச் சாவிகளும் கையில் இருந்தால் மாஸ்டரின் எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம் என்று அதில் காட்டினார். காரணம் கணிதம்தான். ஆறு இலக்கத்தையும் ஒருசேர ஊகிக்கப் பத்து லட்சம் வாய்ப்புகளைச் சோதிக்க வேண்டும். சில்லு போட்ட பூட்டில் ஒவ்வோர் இலக்கத்தையும் தனித்தனியாகச் சோதிக்க முடிகிறது. பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டினால் போதும் என்றாகிவிடுகிறது. இது வெளிவந்ததும், பூட்டுத் தொழிலில் இருந்த பலர் “எங்களுக்கு எப்போதோ தெரியும்” என்று கோபித்துக்கொண்டார்கள். தொழிலுக்குள் தெரிந்திருந்தது, பணம் கொடுத்து வாங்கியவர்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஆகவே மாஸ்டருக்குள் எதைச் சேர்ப்பது என்பதைவிட, எதை வெளியே விடுவது என்பது முக்கியம். சர்வர் அறை, பணப் பெட்டி இருக்கும் அறை, பணியாளர் கோப்புகள், மருந்தோ ரசாயனமோ வைத்திருக்கும் அறை இவற்றுக்குத் தனிப் பூட்டு, தனிச் சாவி. துப்புரவுக்கு ஆள் உள்ளே போக வேண்டுமானால் பொறுப்பாளர் திறந்துவிட்டு நிற்கட்டும்.

அதேபோல “எல்லார் அறைச் சாவியும் வாசல் கதவையும் திறக்கட்டுமே” என்று ஒரு கோரிக்கை தவறாமல் வரும். கேட்க நன்றாக இருக்கும். நாற்பது அறைச் சாவிக்கும் ஒரே வாசல் பூட்டு இசைய வேண்டுமானால் ஒவ்வொரு துளையிலும் சில்லுமேல் சில்லு அடுக்க வேண்டும். கடைசியில் கட்டடத்திலேயே மிகப் பலவீனமான பூட்டு வாசலில் தொங்கும். வாசலுக்கு இன்னொரு சாவி கொடுத்துவிடுவது உத்தமம்.

திட்டம் போட உட்காரும்போது பூட்டுப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, ஆட்களின் பட்டியலை எடுங்கள். யார், எத்தனை மணிக்கு, எந்தக் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது? பெரும்பாலான அலுவலகங்களில் தலைமைச் சாவி நிர்வாக இயக்குநரின் மேசை இழுப்பறையில் கௌரவத்துக்காகக் கிடக்கும். அவர் அதை ஆண்டுக்கு ஒருமுறைகூடத் தொட்டிருக்க மாட்டார். காலை ஆறு மணிக்கு வந்து ஒவ்வொரு மாடியாகத் திறந்து பெருக்க வேண்டிய ஹவுஸ்கீப்பிங் அம்மாவிடம் இருபது சாவி கோத்த கொத்து இருக்கும். மாடிச் சாவி அவருக்குத் தேவை. தலைமைச் சாவி இயக்குநருக்கே தேவையில்லை. ஒட்டிய உறையில், பெட்டகத்தில் ஒன்றோ இரண்டோ இருந்தால் போதும்.

கட்டடம் வளரும் என்பதையும் இப்போதே நினைக்க வேண்டும். ஐந்து மாடிக்கு ஐந்து எண் எடுத்துவிட்டு மீதியைக் கண்டபடி செலவழித்தால், ஆறாம் மாடி கட்டும்போது முழு அமைப்பையும் கலைக்க நேரிடும். இன்று பயன்படாத எண் வரிசைகளை மாடி வாரியாக ஒதுக்கி வைப்பதற்குச் செலவு எதுவுமில்லை.

அமைத்த பிறகு பராமரிப்பு. தேய்ந்த சாவியைக் கொடுத்து அதைப்போலவே இன்னொன்று வெட்டச் சொல்லாதீர்கள். நகலுக்கு நகல் எடுக்கும்போது வெட்டு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விலகும். மாஸ்டர் அமைப்பில் அந்த விலகலைத் தாங்க இடமில்லை. ஏட்டிலுள்ள எண்ணைக் கொண்டு புதிதாக வெட்டுவதே முறை. பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவது நம் கைப்பழக்கம். தூசியும் எண்ணெயும் சேர்ந்து சில்லுகளை ஒட்டவைக்கும். உலர்ந்த கிராஃபைட் தூள் நல்லது. சாவியின் மேல் அறை எண்ணையோ வெட்டு எண்ணையோ பொறிக்கக்கூடாது. தொடர்பில்லாத ஒரு குறியீடு போதும். எது எந்தக் கதவு என்பது ஏட்டில் இருக்கட்டும். ‘நகல் எடுக்கக்கூடாது’ என்று பொறித்துவிட்டால் தெருமுனைச் சாவிக்கடைக்காரர் மறுத்துவிடுவார் என்று நம்புவதும் வேண்டாம். காப்புரிமை உள்ள சாவித் தகடாக இருந்தால் வெற்றுச் சாவி வெளிச்சந்தையில் எளிதில் கிடைக்காது. அதுதான் ஓரளவு தடை.

மாஸ்டர் சாவி தொலைந்தால் அது திறக்கும் எல்லாப் பூட்டுகளையும் மாற்றியாக வேண்டும். இதைச் சுலபமாக்க அமெரிக்கரான ஃபிராங்க் பெஸ்ட் ஒரு வழி கண்டார். பூட்டின் மூளையான சிலிண்டரை மட்டும் எட்டு வடிவத்தில் ஒரு சிறு பகுதியாகச் செய்தார். கட்டுப்பாட்டுச் சாவி என்று தனியே ஒன்றைப் போட்டுத் திருப்பினால் அது முழுசாகக் கழன்று கையோடு வரும், வேறொன்றைச் செருகிவிடலாம். கதவைக் கழற்ற வேண்டாம், ஆசாரியைத் தேட வேண்டாம். வசதிதான், ஆனால் கட்டுப்பாட்டுச் சாவி தொலைந்தால் கதை மாஸ்டரைவிட மோசம்.

நம் ஊர்த் திண்டுக்கல் பூட்டு வேறு சாதி. அதில் உள்ளே இருப்பவை லீவர் தகடுகள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டில் சாவியின் பல் லீவர்களைத் தூக்குகிறது. லீவர் பூட்டிலும் மாஸ்டர் அமைக்கலாம். தகட்டிலுள்ள வாயிலை அகலமாக்கியோ, இரண்டாக வெட்டியோ செய்வார்கள். இடம் கொடுத்துத்தான் வசதியைப் பெற வேண்டும் என்ற சங்கதி அங்கேயும் மாறவில்லை.

அட்டை தேய்க்கும் கதவுகள் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். அட்டை அமைப்பில் தொலைந்த அட்டையை ஒரு நிமிடத்தில் செல்லாததாக்கிவிடலாம். யார் எப்போது திறந்தார் என்ற பதிவும் கிடைக்கும். உண்மையிலேயே மேலானது. ஆனாலும் மின் அறை, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, குழாய்கள் ஓடும் மறைவறைகள் என்று சாவிப் பூட்டு மிச்சமிருக்கும் கதவுகள் பல. அட்டைக் கதவிலேயே மின்சாரம் போனால் திறக்க ஒரு சாவித்துளை ஒளிந்திருப்பதும் உண்டு. அங்கே ஆட்சி இன்னும் சாவிக்குத்தான்.

இத்தனையிலும் உலோகத்தைவிடப் பெரிய பங்கு ஓர் ஏட்டுக்கு. எந்தச் சாவி, எத்தனை நகல், யார் கையில், எந்தத் தேதியில் கொடுத்தது, எப்போது திரும்பியது என்ற பதிவு. வேலையை விட்டுப் போகிறவரின் கடைசிச் சம்பளக் கணக்கோடு சாவிக் கணக்கும் முடிய வேண்டும். வெட்டு எண்களின் பட்டியலைச் சாவிகளோடு ஒரே அலமாரியில் வைக்கக்கூடாது. அந்தப் பட்டியல் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் எல்லாச் சாவியும் இருப்பதாகவே பொருள். உங்கள் அலுவலகத்தில் நாளை அட்மின் பிரிவுக்குப் போய் இரண்டே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: மாஸ்டர் சாவி மொத்தம் எத்தனை? இந்த நிமிடம் ஒவ்வொன்றும் யாரிடம் இருக்கிறது? ஏட்டைப் பார்க்காமல் பதில் சொன்னால் நம்பாதீர்கள். ஏடே இல்லை என்றால், பூட்டுகளை மாற்ற இப்போதே விலை கேட்டுவிடுங்கள்.