சிவாலிக்: அயல்நாட்டு எஞ்சினுக்காகக் காத்திருந்த போர்க்கப்பல்

புதுதில்லி: எதிரியின் ரேடாரில் எளிதில் சிக்காத வகையில் இந்தியாவில் கட்டப்பட்ட முதல் போர்க்கப்பலான ‘ஐ.என்.எஸ். சிவாலிக்’, 2010 ஏப்ரல் 29-ம் தேதி மும்பையில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. மஸகான் கப்பல் கட்டும் தளத்திலிருந்து அதன் உடற்பகுதி நீரில் இறக்கப்பட்டதோ 2003 ஏப்ரலில். இடைப்பட்ட ஏழாண்டுகளின் கதையே கவனத்துக்குரியது.

தொடக்கத்திலேயே ரஷியாவிலிருந்து வரவேண்டிய உருக்கு தாமதமானது. கப்பல் ஏறக்குறைய முடிந்த நிலையில், 2009-ல் வாஷிங்டனில் புதிய அரசு பொறுப்பேற்றது. ராணுவ உறவுகளை மறுஆய்வு செய்யவேண்டும் என்று கூறி, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் எல்.எம்.2500 டர்பைன்களை இயக்கிவைக்கும் பணியை நிறுத்துமாறு அமெரிக்க வெளியுறவுத் துறை உத்தரவிட்டது. பின்னர் தடை விலகியது; ஆனால், நம் போர்க்கப்பலின் சாவி யார் கையில் இருக்கிறது என்பது அன்று வெளிச்சமாகிவிட்டது.

சிவாலிக், சத்புரா, சஹ்யாத்ரி ஆகிய மூன்று கப்பல்களுக்கும் முதலில் மதிப்பிடப்பட்ட செலவு ரூ.2,250 கோடி. அது ரூ.8,101 கோடியாக உயர்ந்ததை மத்திய தணிக்கைத் துறை சுட்டிக்காட்டியது. தாமதத்துக்கு அயல்நாட்டை மட்டும் குறைகூற முடியாது. வடிவமைப்பை இறுதி செய்யாமலேயே கட்டுமானத்தைத் தொடங்கும் நம்முடைய வழக்கத்துக்கும் அதில் பங்குண்டு.

கடலில் இக்கப்பல்கள் குறைவைக்கவில்லை. ஹவாய் அருகே நடைபெறும் ‘ரிம்பாக்’ பன்னாட்டுப் பயிற்சிக்கு 2014-ல் சஹ்யாத்ரியும், 2016-ல் சத்புராவும், 2024-ல் சிவாலிக்கும் சென்றன.

இவற்றின் அடுத்த தலைமுறைக் கப்பலான ‘நீலகிரி’ 2025 ஜனவரி 15-ல் கடற்படையில் சேர்ந்தது. அதன் உருக்கு உள்நாட்டுத் தயாரிப்பு. டர்பைன் மட்டும் அதே எல்.எம்.2500.