அம்மா எழுதிய உயிலா... அம்மா பெயரில் எழுதப்பட்ட உயிலா?

காசிமேட்டில் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர் கரை திரும்பப் பல நாள்கள் ஆகும். படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவுக்குச் சோறு ஊட்ட, மாத்திரை கொடுக்க ஓர் ஆள் வேண்டும். சம்பளத்துக்கு வந்த ஆள் நாளடைவில் வீட்டில் ஒருவராகவே ஆகிவிடுவார். அம்மா இறந்து காரியம் முடிந்ததும், அவரே ஓர் உயிலை எடுத்து நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீடு அவருக்கு. உயிலை நிறைவேற்றும் எக்ஸிக்யூட்டரும் அவரே. பிள்ளைகள் என்ன செய்ய முடியும்?

பார்த்துக்கொண்டவருக்கு எழுதக் கூடாதா?

தாராளமாக எழுதலாம். சுயமாகச் சம்பாதித்த சொத்தை இந்துக்களும் கிறிஸ்தவர்களும் விரும்பியவருக்கு எழுதிவைக்கலாம். பிள்ளைகள் எட்டிப் பார்க்காத வீட்டில், மலம் அள்ளிப் போட்டவருக்கு நன்றிக்கடனாகக் கொடுப்பவர்களும் உண்டு. கோர்ட் பார்ப்பது ஒன்றைத்தான்: தெளிந்த மனதோடு, புரிந்து, சொந்த விருப்பத்தில் எழுதினாரா?

வழிகாட்டிய 1958 தீர்ப்பு

மைசூரைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் உயில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. உயிலைக் கொண்டுவந்த எக்ஸிக்யூட்டரே அதைத் தயாரிப்பதிலும் முன்னின்றார். அவருடைய மகன்களுக்கும் அதில் சொத்து இருந்தது. உயிலை நீதிமன்றம் ஏற்கவில்லை. 'வெங்கடாசல ஐயங்கார் வழக்கு' எனப்படும் அந்தத் தீர்ப்பு சொன்னது இதுதான்: ஆதாயம் அடைபவரே உயில் எழுதுவதில் முன்னின்றால் அது சந்தேகத்துக்குரிய சூழ்நிலை. அந்தச் சந்தேகத்தைப் போக்குவது உயிலைக் கொண்டுவந்தவரின் பொறுப்பு.

ஆனால், மிரட்டி வாங்கினார், ஏமாற்றினார் என்று பிள்ளைகள் குற்றம் சாட்டினால், அதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். பதிவு செய்த உயில் என்பதால் மட்டும் சந்தேகம் தீர்ந்துவிடாது.

செய்ய வேண்டியவை

* உயில் பதிவாகியிருந்தால், எழுதியவர் இறந்த பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம்.

* உயிலில் குறைந்தது 2 சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். உயிரோடு இருந்தால், ஒருவராவது கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். அவர்கள் யார், யார் அழைத்து வந்தார்கள் என்று விசாரியுங்கள்.

* உயில் தேதியில் அம்மாவின் உடல்நிலையைக் காட்டும் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, பேங்கில் உள்ள பழைய கையெழுத்து எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

* உயிலை மெய்ப்பிக்கும் 'புரொபேட்' மனு சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்தால், கேவியட் போடலாம். அதன்பின் அது வழக்காக விசாரிக்கப்படும்.

சென்னைச் சொத்துகளுக்கான இந்துக்களின் உயிலுக்கு புரொபேட் கட்டாயமாக இருந்தது. அந்த 213-வது பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. எனவே எக்ஸிக்யூட்டர் கோர்ட்டுக்கு வருவார் என்று காத்திருக்காதீர்கள். வக்கீலைப் பார்த்து சிவில் வழக்குப் போட்டு, சொத்தை விற்க இடைக்காலத் தடை கேளுங்கள்.

எக்ஸிக்யூட்டர் என்றால் உரிமையாளர் என்று அர்த்தமில்லை. புரொபேட் வாங்கினால் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஓராண்டுக்குள் கணக்கும் கோர்ட்டில் தர வேண்டும்.

உயிரோடு இருக்கும்போதே...

உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். டாக்டர் சான்றிதழ் வாங்கி, ஆதாயம் இல்லாத இருவரைச் சாட்சியாக வைத்து, பதிவும் செய்துவிட்டால் பின்னால் சண்டைக்கு இடம் குறையும். உண்மையான அன்போடு பார்த்துக்கொண்டவருக்கும் அதுதான் பாதுகாப்பு.