பழைய இயந்திரத்திடம் பேச்சுக் கொடுப்பது எப்படி?

கேலாங் என்றதும் நம்மில் பலருக்கு டுரியான் கடைகளும், நள்ளிரவு தாண்டியும் அணையாத சாப்பாட்டுக் கடை விளக்குகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால் நகரமைப்பு வரைபடத்தில் கேலாங் வட்டாரம் லோரோங்குகளோடு முடிந்துவிடுவதில்லை. காலாங் வே, மெக்பர்சன், கம்போங் உபி எல்லாமே அதில் அடக்கம். உபி பக்கம் போனால் அடுக்குமாடித் தொழிற்கூடங்கள் வரிசையாக நிற்கும். மின்தூக்கியில் ஏறினால் ஒரு தளத்தில் உணவு தயாரிக்கும் வாசம், அடுத்த தளத்தில் இயந்திர எண்ணெய் வாடை, கீழே கார் பட்டறைச் சத்தம்.

நம் குடும்பங்களில் யாராவது ஒருவர் இப்படிப்பட்ட ஒரு தளத்தில் வேலை பார்த்திருப்பார். அப்பா டெக்னீஷியன், மாமா புரொடக்‌ஷன் சூப்பர்வைசர், தம்பி ஆட்டோமேஷன் இன்ஜினியர். அந்த அப்பாவின் இயந்திரத்தைத் தம்பியின் மடிக்கணினியோடு பேச வைப்பதுதான் இன்று பல முதலாளிகளின் தலைவலி.

இந்த வட்டாரத்திலேயே அதைச் செய்துகாட்டிய ஆலை ஒன்று இருக்கிறது. காலாங் வே சாலையில் இருக்கும் இன்ஃபினியான். சீமென்ஸ் குடையின்கீழ் 1970ல் சிங்கப்பூரில் கால் பதித்த நிறுவனம் அது. சில்லுகளைச் சோதிப்பது அந்த ஆலையின் முக்கிய வேலை. அதை நவீன ஆலையாக்க ஐந்தாண்டுகளில் 105 மில்லியன் வெள்ளி முதலீடு செய்யப்போவதாக 2017ல் செய்தி வந்தது. 2020ல் உலகப் பொருளியல் கருத்தரங்கு, மற்ற ஆலைகளுக்கு வழிகாட்டும் ‘கலங்கரை விளக்க’ ஆலைகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது.

பாராட்டலாம். ஆனால் சில்லுத் துறைக்கு ஒரு முன்தொடக்கம் இருந்தது. இயந்திரமும் ஆலைக் கணினியும் எந்த மொழியில் பேசிக்கொள்ள வேண்டும் என்று அத்துறையினர் 1980களிலேயே கூடி ஒரு பொதுத் தரத்தை வகுத்துவிட்டார்கள். உணவு, அச்சு, உலோகப் பாகங்கள் செய்யும் சின்னத் தொழிற்கூடங்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஜப்பானிய இயந்திரம் ஒரு பாஷை, ஜெர்மானிய இயந்திரம் ஒரு பாஷை, தைவான் இயந்திரத்துக்குப் பாஷையே கிடையாது. வாங்கிய நாளில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. இயந்திரம் ஓடினால் போதும்.

ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1990களில் வாங்கிய கணினிக் கட்டுப்பாட்டுக் கடைசல் இயந்திரம். இரும்பு நன்றாகவே இருக்கிறது, வெட்டும் துல்லியமும் குறையவில்லை. ஆனால் வடிவமைப்புக் கோப்பை ஃபிளாப்பி வட்டில் கொண்டுபோய்ச் செருக வேண்டும். பக்கத்தில் ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கணினி. அந்த மென்பொருளுக்கான பாதுகாப்பு மேம்பாடுகளை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது. புது இயந்திரம் வாங்கலாம்தான். ஆனால் விலை எளிதில் லட்சம் வெள்ளியைத் தாண்டும். மூன்று வாடிக்கையாளரை நம்பி நடக்கும் கடைக்கு அது சின்ன முடிவு இல்லை.

விற்பனையாளர்கள் சிலர் சொல்வதுபோல எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதும் இல்லை. ஃபிளாப்பி செருகும் இடத்தில் யூஎஸ்பி குச்சியை ஏற்கும் சின்னப் பெட்டியைப் பொருத்தலாம். இயந்திரம் அதை ஃபிளாப்பி என்றே நம்பிக்கொள்ளும். துணியில் பூவேலை செய்யும் பழைய எம்பிராய்டரி இயந்திரங்களிலும் இதே வித்தைதான். இன்னும் எளிய வழி, மின்சார வடத்தின் ஒரு கம்பியை மட்டும் சுற்றி ஒரு கவ்வி உணரியை மாட்டுவது. இயந்திரத்தின் உள்ளே கைவைக்கவே தேவையில்லை. வெட்டும்போது மின்னோட்டம் ஏறும், சும்மா நிற்கும்போது இறங்கும், அணைத்தால் பூஜ்யம். எட்டு மணி நேர ஷிஃப்டில் அது ஐந்து மணி நேரம்தான் உண்மையில் வெட்டியது என்று தெரிந்தால், மீதி மூன்று மணி நேரம் எங்கே போனது என்ற கேள்வியாவது பிறக்கும்.

கொஞ்சம் புதிய இயந்திரங்களில் ‘மோட்பஸ்’ இருக்கும். இது 1979ல் அமெரிக்காவின் மோடிகான் நிறுவனம் உருவாக்கிய தொடர்பு முறை. இன்றும் உலகெங்கும் ஆலைகளில் உழைத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டு, இன்றைய கணினிகளுக்குப் புரியும்படி மொழிபெயர்க்க ஒரு கைப்பிடி அளவுப் பெட்டி போதும். அப்படி மொழிபெயர்த்ததை அனுப்பப் பரவலாகப் பயன்படும் ‘எம்க்யூடிடி’ முறையும் நேற்றுப் பிறந்ததல்ல. துணைக்கோளம் வழியாக எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க 1999ல் வடிவமைக்கப்பட்டது. ஆக, புதுமை என்று நாம் வாங்குவதில் பாதி, வயதான தொழில்நுட்பங்களின் கூட்டணி!

கதவைத் திறந்தால் கொசுவும் வரும்

இருபது ஆண்டுகளாக யாரோடும் தொடர்பில்லாமல் தனியாக இருந்த இயந்திரத்தைக் கட்டமைப்பில் இணைக்கும் அந்த நிமிடமே அதன் பலவீனங்களும் வெளியே வந்துவிடும். 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி, உலகின் ஆகப் பெரிய ஒப்பந்தச் சில்லு உற்பத்தி நிறுவனம், இதைக் கண்கூடாகப் பார்த்தது. புதிய கருவி ஒன்றைக் கிருமிச் சோதனை செய்யாமல் ஆலைக் கட்டமைப்பில் இணைத்துவிட்டார்கள். முந்தைய ஆண்டு உலகை உலுக்கிய ‘வான்னாக்ரை’ கிருமியின் ஒரு வகை அதிலிருந்தது. பாதுகாப்பு மேம்பாடு செய்யப்படாத விண்டோஸ் 7 கணினிகள் வழியாக அது ஆலை ஆலையாகப் பரவியது. நிலைமை சீராகச் சில நாள்கள் ஆயின. அந்தக் காலாண்டு வருவாயில் சுமார் 3 விழுக்காடு பாதிக்கப்படும் என்று நிறுவனமே அப்போது மதிப்பிட்டது.

அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இப்படி. உபியில் பத்துப் பேர் வேலை செய்யும் கூடத்தில், அலுவலக வைஃபையும் இயந்திரங்களும் ஒரே இணைப்பில் இருந்தால்? யாரோ திறந்த ஒரு மின்னஞ்சல் கடைசல் இயந்திரத்தை நிறுத்திவிடலாம். இயந்திரங்களுக்குத் தனிக் கட்டமைப்பு, தரவு வெளியே மட்டும் போகும் வழி, வெளியாரின் யூஎஸ்பிக்குத் தடை. இவற்றுக்குப் பெரிய செலவு ஆகாது. கேட்டு வாங்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அக்காவின் எக்செல், அண்ணனின் காது

என்னைக் கேட்டால், உண்மையான ‘பழைய முறை’ இயந்திரத்தில் இல்லை. அதைச் சுற்றி இருக்கிறது. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் நாளைக்கு எந்த ஆர்டர் என்ற பட்டியல். கணக்குப் பிரிவில் இருக்கும் அந்த அக்காவுக்கு மட்டுமே புரியும் எக்செல் கோப்பு. ஒரே பாகத்துக்கு விற்பனைப் பிரிவில் ஒரு பெயர், கிடங்கில் ஒரு பெயர், தளத்தில் ஒரு பட்டப்பெயர். உணரி என்னதான் துல்லியமாக எண்ணினாலும், எதை எண்ணியது என்று மூன்று பிரிவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் திரையில் வண்ண வண்ணக் கோடுகள் மட்டும்தான் மிஞ்சும். பெயர்ப்பட்டியலைச் சரிசெய்வது சலிப்பான வேலை. அதற்கு யாரும் ரிப்பன் வெட்ட வரமாட்டார்கள். அதனாலேயே அது தள்ளிப்போகிறது.

அடுத்தது காது. காதை நம்பிப் பிழைக்கும் தொழில் என்னுடையது என்பதால் இதில் எனக்குத் தனிப் பிரியம். அனுபவசாலி டெக்னீஷியன் ஒருவர் தாங்கியின் சத்தம் மாறியதை வைத்தே, “இது இன்னும் ஒரு வாரம்தான் தாங்கும்” என்பார். அதிர்வு உணரியும் அந்த மாற்றத்தைப் பிடிக்கும். ஆனால் இந்த அதிர்வு தேய்மானமா, கனமான உலோகத்தை வெட்டுவதாலா, பக்கத்து இயந்திரத்தின் நடுக்கமா என்று அதற்கு முதலில் யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுக்கக்கூடியவர் அந்த அண்ணன் மட்டும்தான்.

அவரோ சந்தேகத்தோடு பார்க்கிறார். இயந்திரம் நின்ற நிமிடங்கள் திரையில் சிவப்பாகத் தெரியும்போது, அது இயந்திரத்தின் குறையாக அல்ல, தன் குறையாகவே காட்டப்படும் என்று பயப்படுகிறார். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. முதல் மாதத்திலேயே அந்தச் சிவப்பை வைத்து ஊழியரைக் கேள்வி கேட்ட இடங்களில், இரண்டாம் மாதம் உணரியின் வடம் ‘தானாகக்’ கழன்றிருக்கும். அந்த எண்கள் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று முதலாளி முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பொருளியல் வளர்ச்சிக் கழகம் 2017 நவம்பரில் வெளியிட்ட தொழில்துறைத் தயார்நிலைக் குறியீடு ஆலைகளை 16 அம்சங்களில் அளக்கிறது. தொழில்நுட்பம் அதில் ஒரு பகுதிதான். செயல்முறைகளும், ஊழியர்கள், தலைமைத்துவம் சார்ந்த அமைப்புமுறையும் மற்ற இரண்டு பகுதிகள். உற்பத்தித் துறையை 2030க்குள் 50 விழுக்காடு வளர்க்கும் இலக்கை அரசாங்கம் 2021ல் அறிவித்தது. சிறிய நிறுவனங்கள் தகுதிபெறும் தீர்வுகளை வாங்க உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியம் செலவில் பாதிவரை தருகிறது. மானியம் இருக்கிறதே என்று பெரிய மென்பொருளில் தொடங்குவதைவிட, அடிக்கடி நின்று தொல்லை தரும் ஒரே ஒரு இயந்திரத்தில் ஒரு கவ்வி உணரியோடு தொடங்குவது மேல் என்பேன். மூன்று மாதம் பாருங்கள். அந்த எண்கள் ஒரு முடிவையாவது மாற்றினால் அடுத்த இயந்திரத்துக்குப் போங்கள்.

அதற்குள் அந்த அண்ணனையும் பிடித்துவிட வேண்டும். இங்கு ஓய்வுபெறும் வயது 2030க்குள் 65 ஆகவும், மறுவேலை நியமன வயது 70 ஆகவும் உயர்கின்றன. ஆகவே அவர் உடனே போய்விடப் போவதில்லை. வாரத்தில் ஒரு பிற்பகல் அவரையும் ஆட்டோமேஷன் தம்பியையும் ஒரே இயந்திரத்தின் முன்னால் உட்கார வைக்கலாம். திரையில் கோடு துள்ளும்போதெல்லாம் தம்பி கேட்க வேண்டியது ஒன்றுதான்: “அண்ணே, இப்ப என்ன சத்தம் கேட்டுச்சு?”