லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

பெண் பிளஸ் ஒன் போயாச்சு, வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கடைக்குள் நுழைந்தால் தலை சுற்றுகிறது! "இதை எடுத்துக்குங்க சார், ஆஃபர் நாளையோட முடியுது" என்கிறார் விற்பனையாளர். ராம் எவ்வளவு, எஸ்.எஸ்.டி. எவ்வளவு என்று அரை மணி நேரம் பேசுகிறவர், தினமும் அதன் முன்னால் உட்காரப்போகிற பெண்ணின் கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. கைக்கு வசதியாக வைத்தால் திரை தாழ்ந்துவிடும். கண்ணுக்கு நேராக உயர்த்தினால் தோளும் மணிக்கட்டும் வலிக்கும். நம் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. குனியக் குனிய, கழுத்துத் தசைகளுக்குச் சுமை ஏறிக்கொண்டே போகும்.

ஒரே இடத்தில் உட்கார்ந்து படிக்கத்தான் என்றால், என் ஓட்டு டெஸ்க்டாப்புக்கே. மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். "ரெண்டு வருஷத்துல காலேஜ் போயிடுவா, கையோட எடுத்துட்டுப் போகணுமே" என்கிறீர்களா? லேப்டாப்பே வாங்குங்கள், கூடவே தனி கீபோர்டும் மவுஸும். அடியிலுள்ள காற்றுத் துளைகளை அடைக்காமல் நாலு தடிப் புத்தகங்களை வைத்து உயர்த்திவிடலாம். (ஸ்டாண்டுக்குத் தனிச் செலவு எதற்கு?)

ஆஃபர் விலையில் மயங்குமுன் ஒன்று: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பழைய ஸ்டாக்கில் விண்டோஸ் 11 ஓடுமா என்று கேட்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைந்துவிடுகிறது; கண் எரிச்சல் அதனால்தான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளியிருப்பதை 20 விநாடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் டாக்டர்கள். மானிட்டரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். திரும்பினால் எதிர்வீட்டு மொட்டை மாடி தெரியும், திரையிலும் வெளிச்சம் அடிக்காது.